குழாயைத் திறந்துவைத்துப் படித்தவர்

தொலைக்காட்சிக்குப் போவதற்கு முன்பு ஜெயராஜ் பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று போகிற வருகிற பெண்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவதுதான் வேலை. "வாங்கக்கா, பாக்குறதுக்குக் காசு இல்ல. தொட்டுப் பாத்தாலும் காசு இல்ல. கட்டிக்கிட்டு ஓடுனாத்தான் காசு!" அந்த வாய்க்காகவே மளிகை வாங்க வந்தவர்களும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். கனகேஸ்வரியும் அப்படிச் சுற்றிப் போனவள்தான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவளுடையது. கிராணி என்கிற எழுத்தர் வேலைக்கென்று அந்தக் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த ஏரம்பமூர்த்தியின் ஒரே மகள். தாய் சிறு வயதிலேயே போய்விட்டாள். துணிக்கடைப் பையனைக் கட்டுகிறேன் என்று அவள் சொன்னபோது அத்தை முறையான செல்வநாயகி மாமி மூன்று நாள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணை, ஊரில கேட்டா என்ன சொல்லுவம்? கடை வாசல்ல நிண்டு கூவுற பொடியன் எண்டோ?"

ஏரம்பமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், செல்வநாயகி. இவளின்ர தாய் போன பிறகு இந்த வீட்டில ஆர் சிரிச்சவை? வரட்டும்."

அப்படித்தான் ஜெயராஜ் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். எழுபத்து மூன்றாம் ஆண்டு அது.

இரண்டு வருடம் கழித்துக் கோயில் கலை விழா ஒன்றில் அவன் அடித்த கூத்தைப் பார்த்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த அப்துல் அஜீஸ் என்ற தயாரிப்பாளர் அவனைப் பிடித்துக்கொண்டார். முன்பே பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ் நிகழ்ச்சியில் பத்து நிமிடம். பதின்மூன்று வாரம். முதல் நான்கு வாரத்தைத் துணிக்கடைக் கதைகளை வைத்தே ஓட்டினான். ஐந்தாவது வாரம் சரக்குத் தீர்ந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கனகேஸ்வரி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கனகு, இன்னிக்குப் பெரியவரு என்னா பண்ணாரு?"

அவள் சும்மா சொன்னாள். வானொலியில் மணி அடிக்கும்போது அப்பா வீட்டிலிருக்கும் மூன்று கடிகாரங்களையும் சரிபார்ப்பார். ஒன்று அரை நிமிடம் பிந்தியிருந்தாலும் அதோடு அன்று பேசமாட்டார். குடையின் பிடியைச் சட்டைக் காலருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நடப்பார், இரண்டு கையும் ஓய்வாக இருக்க வேண்டுமென்று. மீன்காரியிடம் மீனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, "மன்னிக்க வேண்டும், இது நேற்றையவர்" என்பார்.

ஜெயராஜ் தரையில் விழுந்து சிரித்தான். "நேற்றையவரா! மீனுக்கு மரியாதை லா! எழுது, எழுது, மறந்துடும்."

அவன் ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்து கோணல்மாணலாக வரும். அதனால் அவள்தான் கோடு போட்ட நோட்டில் எழுதினாள். அவள் கையெழுத்து அச்சுப் போல் இருக்கும். மாமி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் கடிதங்களைக்கூட அவள்தான் எழுதிக் கொடுப்பாள்.

அந்தப் பாத்திரத்துக்குப் 'பெரிய கிராணி' என்று பெயர் வைத்தான் ஜெயராஜ். மூன்றே வாரத்தில் பினாங்கிலிருந்து ஜொகூர் வரை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகைக்கடைக்காரர் கனகேஸ்வரிக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார். கல்யாண வீடுகளில் ஜெயராஜைப் பார்த்ததும் மாப்பிள்ளை பெண்ணை மறந்துவிட்டு எழுந்து வந்தான். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். சனம் சிரிக்கிற இடம் ஒவ்வொன்றும் தான் சொன்ன இடம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வது இனிப்பாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஏரம்பமூர்த்தியும் சிரித்தார். சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"டேய் தம்பி, எங்கட கந்தப்புவை அப்படியே உரிச்சு வச்சிருக்கிறாய்! அவன்தான் இப்படி மீனோட கதைப்பான்."

கந்தப்பு அவரோடு அலுவலகத்தில் இருந்தவர். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எழுபத்தேழில் அஜீஸ் அடுத்த பதின்மூன்று வாரத்துக்கு ஒப்பந்தம் கொண்டுவந்தார். அதோடு ஒரு சொல்லும் கொண்டுவந்தார். "ஜெயா, குடை, கடிகாரம் எல்லாம் பழசாப் போச்சு. முதல் வாரமே ஒரு அடி அடிக்கணும். இல்லாட்டி மேலிடத்துல பேச முடியாது."

ஜெயராஜ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள், பயற்றங்காய் நறுக்கும் நேரத்தில், கனகேஸ்வரி அதைச் சொன்னாள்.

அது அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நடந்தது. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் மலாய்மொழிச் சோதனையில் தேறினால்தான் பதவி உயர்வு என்றிருந்தது. ஏரம்பமூர்த்திக்கு அடுத்து வரவேண்டியது பெரிய கிராணி வேலை. ஆங்கிலத்தில் அவர் எழுதும் கடிதத்தில் ஒரு காற்புள்ளியை மாற்ற ஆள் கிடையாது. மலாயில் நாக்குப் புரளவில்லை. ஐம்பது வயதுக்கு மேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சோதனைக்குரிய மலாய் விண்ணப்பக் கடிதத்தை உரக்கப் படித்துப் பழகினார். கதவுக்கு வெளியே முக்காலியில் மகள் உட்கார்ந்து பிழை திருத்துவாள். உள்ளே கைலியும் பனியனுமாகத்தான் நிற்பார், ஆனால் கழுத்தில் டை கட்டியிருப்பார். அரசாங்கத்துக்கு எழுதும் கடிதத்தை டை இல்லாமல் படிப்பது மரியாதை இல்லையாம். மூன்று முறை சோதனை எழுதினார். மூன்று முறையும் தவறினார். அவருக்குக் கீழே இருந்த ஒருவர் பெரிய கிராணி ஆனார். ஏரம்பமூர்த்தி இரண்டாம் கிராணியாகவே ஓய்வு பெற்றார்.

மூன்றாம் முறை முடிவு வந்த அன்று அவர் மகளுக்கு ஒரு மைப்பேனா வாங்கிவந்தார். "வாத்தியாரம்மாவுக்குத் தட்சணை. நீ பாஸ், நான்தான் பெயில். இது எங்கட ரெண்டு பேரோடயும் இருக்கட்டும், பிள்ளை."

அந்தப் பேனாவால்தான் அவள் நோட்டில் எழுதிவந்தாள். அதையும் சொன்னாள்.

இந்த முறை ஜெயராஜ் சிரிக்கவில்லை. "இதப் போடலாமா கனகு? அவரு மனசு..."

அவள் அப்போது சொன்ன சொல் அவளுக்குச் சாகும்வரை மறக்காது. "போடுங்க. கந்தப்பு மாமான்னு நெனச்சுக்குவாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள். அடுத்த வீட்டு ருக்கையா பிள்ளைகளோடு வந்திருந்தாள். செல்வநாயகி மாமி பருத்தித்துறை வடை சுட்டு எடுத்துவந்திருந்தாள். திரையில் குழாய்ச் சத்தம் கேட்டது. ஜெயராஜ் கைலியும் பனியனுமாக வந்து நின்று, கண்ணாடியைப் பார்த்து, மிகுந்த பயபக்தியோடு டை கட்ட ஆரம்பித்தான். வீடு குலுங்கியது. ருக்கையா சிரித்துச் சிரித்துத் தலைமுக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். "அல்லா, போதும்ப்பா, வயிறு வலிக்குது!"

ஏரம்பமூர்த்தியின் கை தொடையில் தட்டுவதற்காக உயர்ந்து அப்படியே நின்றது. திரையில் பெரிய கிராணி மூன்றாம் முறையும் தவறி, வாசலில் நின்ற சிறுமியிடம் குனிந்து, இரண்டு கையாலும் பேனாவை நீட்டினார்.

அப்போது ஏரம்பமூர்த்தி திரும்பினார். மருமகனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தெருவில் தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று ஒருவரை உற்றுப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ருக்கையாவின் கடைக்குட்டி "பெரிய கிராணி!" என்று கத்திவிட்டுக் கைதட்டியது. குழாய் உடனே மூடப்பட்டது.

திரையில் வந்தது அண்ணைதான் என்று அப்போதுதான் மாமிக்கு விளங்கியது. அயலார் போனதும் அவள் ஜெயராஜின் முன்னால் வந்து நின்றாள். "டேய், சோறு போட்ட மனுசனைச் சந்தியில நிறுத்திப் போட்டியே! அண்ணை குளிக்கிறதையும் ஒளிச்சு நிண்டு பாத்தனியோ?"

கனகேஸ்வரி கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். ஜெயராஜ் அவளைப் பார்க்கவே இல்லை. "தப்புதான் மாமி. குழாச் சத்தம் கேட்டுச்சு. மிச்சத்த நானாக் கட்டிக்கிட்டேன்."

அவன் அந்த வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே அந்தக் குழாய்ப் பாடம் முடிந்துபோயிருந்தது. அது பொய் என்று அந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். மூன்றாமவர் அறைக்குள்ளிருந்து சொன்னார்: "விடு, செல்வநாயகி. பொடியன் விளையாட்டுக்குச் செய்தவன்."

கனகேஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள். தேத்தண்ணியை ஆற்றினாள். நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை என்பது ஒரு வாரமாகி, மாதமாகி, பிறகு சொல்வதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

அப்பா அவளிடம் கோபிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அலுவலகக் கதைகள் சொல்வது மட்டும் நின்றுவிட்டது. "கறி நல்லாயிருக்கு, பிள்ளை" என்பார். அவ்வளவுதான். அந்தக் கிராணி இவர்தான் என்று ஊருக்குள் பரவிவிட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தபோது, தண்ணீர்ப் பந்தலில் நின்ற பையன்கள் குழாயைத் திறந்துவிட்டு, "பெரிய கிராணி, டை எங்க?" என்று கூவினார்கள். வாழ்நாளெல்லாம் கிடைக்காத பதவி அவருக்குத் தெருவில் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஊர் முழுக்க ஜெயராஜைக் கொண்டாடியது. உறவுக்காரர்கள் அவன் கையால் தண்ணீர் வாங்கவில்லை. அவன் இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொண்டான்.

எழுபத்தொன்பதில் ஏரம்பமூர்த்தி இறந்தார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிரியைக்குக் கல்வெட்டு வாசிப்பது அவர்கள் வழக்கம். இறந்தவரின் பிறப்பு, வளர்ப்பு, நற்குணங்களைச் செய்யுளாகப் பாடி, சிறு புத்தகமாக அச்சிட்டு, வந்தவர்கள் முன்னால் வாசிப்பார்கள். பாடுவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் கார்த்திகேசு ஒப்புக்கொண்டார். "விவரத்தை எழுதித் தா, பிள்ளை. உனக்குத் தெரியாததே?"

அவள் புதிய நோட்டு ஒன்றைத் திறந்து, அதே பேனாவால் எழுதினாள். நேரம் தவறாதவர். வெயிலில் குடையோடு நடந்தே வேலைக்குப் போனவர். மீன்காரியிடமும் மரியாதை குறையாதவர். கடைசியில், இதையாவது நல்லபடியாகச் சொல்லிவிடுவோம் என்று எண்ணி, ஐம்பது வயதுக்கு மேலும் ஒரு புது மொழியைக் கற்கத் தயங்காதவர் என்றும் எழுதினாள். எழுதும்போது அவள் கண்கள் நனைந்தன. தான் செய்ததை அந்த வரி கொஞ்சம் கழுவிவிடும் என்று நம்பினாள்.

கல்வெட்டு வாசிக்க எடுத்திருந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள். கார்த்திகேசு குரலைச் செருமிக்கொண்டு இழுத்துப் பாடினார்.

"கொளுத்தும் வெயிலிற் குடையொடு நடந்தே
அலுவல் புரிந்த அரும்பெருங் குணத்தோன்..."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. நேரம் தவறாத வரி வந்தபோது இரண்டு மூன்று பேருடைய தோள்கள் குலுங்கின. மீன்காரி வந்தபோது பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். கார்த்திகேசுவிடம் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. பாவம், அவர் இன்னும் உருக்கமாகப் பாடினார். புது மொழி கற்ற வரி வந்தது. எங்கோ ஒரு குழந்தை, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று குழாய்ச் சத்தம் போட்டது.

மண்டபமே வெடித்துச் சிரித்தது.

கனகேஸ்வரியும் சிரித்தாள். தன் தொண்டையிலிருந்து அது வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மாலை போட்ட தகப்பனின் படத்துக்கு மூன்றடி தூரத்தில், கையில் அவருடைய கல்வெட்டை வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்த மண்டபத்தில் சிரிக்காத ஒரே ஆள் ஜெயராஜ். அவன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனான். "பாத்தியளே, அவனுக்கே வெக்கம் பிடிச்சிட்டுது" என்றாள் மாமி.

வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னான்: "இனிமே பெரிய கிராணி கிடையாது கனகு."

அப்துல் அஜீஸ் பினாங்குக்கே வந்து கெஞ்சிப் பார்த்தார். ஜெயராஜ் மாறவில்லை. வாடகைக் கார்க்காரன், ஜோசியக்காரன், மாமியாருக்குப் பயந்த மாப்பிள்ளை என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தான். ஒன்றிலும் உயிர் இல்லை. மதிய வேளைகளில் பழைய நோட்டை அவள் முன்னால் தள்ளினான். "யாரயாச்சும் சொல்லு கனகு. உன் வாயில வந்தாத்தான் அது ஆளா எழுந்து நிக்குது."

அவள் காய் நறுக்கினாள். "எனக்கு ஒண்ணும் தோணல."

அது பொய். ஆயிரம் தோன்றின. இனி ஒரு மனிதரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று அவள் தன்னைத் தண்டித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்டனையை அனுபவித்தது அவன்.

எண்பத்தொன்றில் நிகழ்ச்சி நின்றது. அந்தத் தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கலை இரவுக்குக் கூப்பிட்டார்கள். அவன் மேடை ஏறியதுமே முன்வரிசைப் பையன்கள் "டை! டை!" என்று கூவினார்கள். எண்ணூறு பேர் சேர்ந்து குழாய்ச் சத்தம் போட்டார்கள். யாரோ ஒரு டையைச் சுருட்டி மேடைமேல் எறிந்தார்கள். ஜெயராஜ் அதைக் குனிந்து எடுத்தான். அவன் அதை நீவி, நான்காக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தான். "இத வச்சிருந்த மனுஷன் இப்ப இல்லீங்க. மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினான். காசு கொடுத்து வந்தவர்கள் பின்னாலிருந்து திட்டியது கார் நிறுத்துமிடம் வரை கேட்டது.

பிறகு கல்யாணங்களில் அறிவிப்பாளராக இருந்தான். அதுவும் குறைந்து, அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு மரச்சாமான் கடையில் சேர்ந்தான். கையில் ஒலிபெருக்கியோடு வாசலில் நின்று வாடிக்கையாளர்களைக் கூப்பிடும் வேலை. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டான். இடையில் கடல் மட்டும் இருந்தது. தினமும் படகில் போய்வந்தான். சில பேர் அவனை அடையாளம் கண்டு வாயால் குழாய்ச் சத்தம் போடுவார்கள். அவனும் தலையசைப்பான். பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட, ஒரு சண்டையில்கூட, "நீதானே சொன்ன" என்று அவன் வாயிலிருந்து வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் சர்க்கரை நோய் அவனை முடித்தது.

சாவு வீட்டுக்கு மாமி வந்தாள். எழுபது தாண்டியிருந்தது. பிணத்தைத் தூக்கிய பிறகு பெண்கள் நடுவே உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "என்ன இருந்தாலும் செத்தவன். எங்கட அண்ணையைச் சந்தி சிரிக்க வச்சவன்தான். எண்டாலும் பாவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"மாமி, அவர் இல்லை" என்றாள் கனகேஸ்வரி. "நான்தான் சொன்னனான். எல்லாம் நான்தான்."

மாமி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பாத்தியளே இந்தப் பிள்ளையின்ர குணத்தை? புருசன்ர பழியையும் தான் தூக்கிறாள்." ருக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் அவளை மெச்சினார்கள். அதைவிட ஒரு செருப்படி அவளுக்கு மேலாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் புறப்பட்ட பிறகு, அவள் அலமாரியின் அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்துவந்து மாமியின் மடியில் வைத்தாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள். மீன். குடை. கடிகாரம். பத்துப் பக்கம் தள்ளிக் குழாயும், டையும், பேனாவும்.

"இது உன்ர எழுத்தெல்லே."

"ஓம் மாமி."

"அவன் சொல்ல நீ எழுதினியோ?"

"இல்லை. நான் சொல்லி நானே எழுதினன். போடட்டோ எண்டு அவர் கேட்டவர். போடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

மாமி வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே கையை வைத்திருந்தாள். "அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும். அண்டைக்கே தெரியும்."

"அப்ப ரெண்டு ஆம்பிளையளும் உனக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவை."



மாமி நோட்டை மூடித் தரையில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வந்த நாளிலிருந்து ஏறெடுத்துப் பாராமலிருந்த ஜெயராஜின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை நேராக்கினாள்.

"தம்பி," என்றாள், "என்னை மன்னிச்சுக்கொள்."

பிறகு கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கனகேஸ்வரி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். மாமி அவளைப் பாராமலே தாண்டிப் போய்க் காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.